பாட்டுக்குக் கீழே இருந்த குரல்

ஹெலனுக்குக் கல் நெஞ்சு என்று எங்கள் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். புருஷன் போன அடுத்த மாதமே வந்து உட்கார்ந்து ஊரார் கல்யாணத்தையெல்லாம் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாளே, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் உண்டா என்று அவள் காதுபடவே பேசுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் வீட்டோடு கிடந்து அழுதால் இவர்களா வந்து சோறு பொங்கிப் போடப்போகிறார்கள்?

கும்மிடிப்பூண்டி பஜாரில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் ஸ்டூடியோ. நான் நந்தினி, ஆல்பம் டிசைன் செய்கிறேன். மாநிறப் பெண்களை மாவு மாதிரி வெளுக்க வைக்கும் உத்தியோகம். பக்கத்து மேசையில் ஹெலன், வீடியோ எடிட்டிங். அவள் கணவர் ஸ்டீவன் சிப்காட்டில் ஒரு கம்பி உருக்காலையில் இருந்தார். கிரேன் சங்கிலி அறுந்து கம்பிக்கட்டு விழுந்ததில் அங்கேயே முடிந்துவிட்டது. சட்டைப்பையில் இருந்த ஃபோனும் நொறுங்கிப்போனது. பிள்ளையின் வீடியோ எல்லாம் அதில்தான் இருந்தன.

கல்யாண வீடியோவில் ஒரு வழக்கம் உண்டு. கேமராவில் பதிவான சத்தத்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை. மேளம், குழந்தை அழுகை, 'அந்தாண்ட நவுருமா' என்கிற கேமராமேன் கத்தல், இதையெல்லாம் யார் கேட்பார்கள்? படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் ஹெலன் செய்கிற முதல் வேலை, சத்தத்தைத் தனியாகப் பிரித்து அழிப்பது. அப்புறம் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டு. தாலி கட்டும் இடத்தில் மட்டும் கெட்டிமேளம்.

தன் கல்யாண வீடியோவையும் அவளேதான் எடிட் செய்தாள். சர்ச் மைக் கரகரத்தது என்று, ஸ்டீவன் சம்மதம் சொல்கிற இடத்தில்கூடப் பியானோவைப் போட்டுவிட்டாள். டிஸ்க்கில் இடம் வேண்டுமே, ஒரிஜினலும் அப்போதே அழிந்தது.

இதெல்லாம் ஒரு பொருட்டாக இருந்திருக்காது, கிரேஸ் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால். கிரேஸ் அவர்களுடைய மகள், யுகேஜி படிக்கிறாள். பள்ளிக்கூட வேன் சாயங்காலம் அவளை எங்கள் வாசலில் இறக்கிவிடும். ஒருநாள் மாடியேறி வந்தவள், பையைக்கூடக் கழற்றாமல், "அம்மா, அப்பா எப்டிமா பேசுவாரு? எனக்கு மறந்துபூச்சி" என்றாள்.

"கட்டக் கொரல்ல பேசுவாரு" என்றாள் ஹெலன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பேசிக் காட்டு."

ஹெலன் பிள்ளையின் பையைக் கழற்றி வைத்தாள். அன்றிலிருந்து பிள்ளை தினமும் கேட்டது. அந்தக் குரலுக்காக ஹெலன் தேடாத இடம் இல்லை. வாட்ஸப்பில் பேசி அனுப்புகிற ஆள் இல்லை ஸ்டீவன். ஃபோன் போட்டு, 'இன்னா, சரி, வரேன்' என்று வைத்துவிடுவார். உறவுக்காரர்களிடமும் இருப்பதெல்லாம் ஃபோட்டோதான். "எங்கியும் இல்லக்கா" என்று என்னிடம் சொன்னபோதும் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கரண்ட் போய்விட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

போன வாரம் முதலாளி மோகன்ராஜ் ஒரு பழைய வேலையைத் தூசி தட்டி எடுத்தார். ஸ்டீவனோடு வேலை பார்த்த வசந்தகுமாரின் கல்யாணம். எந்தப் பாட்டைப் போடுவது என்று இரண்டு வீட்டாரும் அடித்துக்கொண்டதில் அப்படியே கிடந்தது. இப்போது பெண்ணுக்கு வளைகாப்பு வந்துவிட்டது, அதற்குள்ளாவது கொடுங்கள் என்று நச்சரிப்பு. அந்தக் கல்யாணத்துக்கு ஸ்டீவன் மட்டும் போயிருந்தார், கிரேஸுக்குக் காய்ச்சல் என்று ஹெலன் வீட்டில் இருந்துவிட்டாள்.

"வேற ஆள வுட்டுப் பண்ணிக்கிறேன்மா" என்றார் மோகன்ராஜ்.

"பரவால்லண்ணா" என்று அவளே வாங்கிக்கொண்டாள்.

சத்தத்தை இன்னும் அழிக்கவில்லை, அணைத்து மட்டும் வைத்துவிட்டு ஓட்டினாள். பந்தி வந்தது. மூன்றாவது இலையில் ஸ்டீவன், நீலச் சட்டையில். அவள் கை நிற்கக்கூட இல்லை. அடுத்த துண்டுக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏய், சவுண்ட வெய்யிடி!"

"இன்னாக்கா இருக்கப்போவுது அதுல, மேளம்தான்."

"வெய்யின்றேன்ல!"

வைத்தாள். "மாப்ள பொண்ண வாழ்த்தி ரெண்டு வார்த்த சொல்லுண்ணா" என்று கேமராமேன் கேட்கிறான். ஸ்டீவன் கையைக் குறுக்கே ஆட்டிச் சிரிக்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை, மகராசன். கேமரா அடுத்த இலைக்கு நகர்ந்தது. அங்கே பெரியவர் ஒருவர், பதினாறும் பெற்று என்று ஆரம்பித்து முடிக்காமல் இழுத்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பெரியவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்திலிருந்து, படத்தில் ஆளே இல்லாமல், அந்தக் கட்டைக் குரல் வந்தது.

"அண்ணா, இன்னொரு லட்டு வைங்க. ஊட்ல பாப்பா கீது."

அவ்வளவுதான். ஹெலன் அதையே திரும்பப் போட்டாள், இன்னொரு முறையும் போட்டாள். பிறகு பெரியவரின் இழுவையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறைத்து, அந்தக் குரலை மட்டும் தூக்கித் தனியாக எடுத்து வைத்தாள். அடுத்த நொடியே மிச்சப் பந்திக்குப் பாட்டை ஏற்றினாள். கல் நெஞ்சுதானோ என்று நானே ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாயங்காலம் கிரேஸ் வந்ததும் மடியில் உட்கார வைத்து ஹெட்ஃபோனை மாட்டினாள். பிள்ளை கண்ணை உருட்டிக்கொண்டு கேட்டது.

"இதுதான் அப்பாவா?"

"ஆமா."

"பாப்பான்னு யாரச் சொல்றாரு?"

"உன்னத்தான்."

கிரேஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இன்னொரு தபா கேட்டாள். அப்புறம் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "அந்த லட்டு எங்கம்மா?" என்றாள்.

ஹெலன் ஹெட்ஃபோனை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"நீ தூங்கினு இருந்தடி. நான் துன்னுட்டேன்" என்றாள். "துன்னுட்டு, நல்லாவே இல்ல, இத்தப் போய் தூக்கினு வந்தியான்னு வேற…"

முடிக்கவில்லை. மேசைமேல் கவிழ்ந்து ஓவென்று அழுதாள். கீழே மருந்துக்கடைக்காரர் மாடிப்படிவரை ஓடிவந்துவிட்டார். ஒன்றுமில்லை போங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, நான் போய் வெளிக்கதவைச் சாத்தினேன்.