வேதவல்லி அக்கா கேட்டவையும் அழித்தவையும்

செய்தி எனக்கு பஸ்ஸில் வந்தது. தெள்ளாரிலிருந்து வந்தவாசி போகும் பஸ்ஸில், ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் செல்போனையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். வேதவல்லி அக்காவின் மகன் பேசினான். "அத்தே, அம்மா பூட்டாங்க" என்றான். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம், உயிர் அங்கேயே போய்விட்டதாம். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அடுத்த வாரம் வருகிறேன், கத்தரிக்காய் வற்றல் எடுத்து வை என்று முந்தாநாள்தான் அதிகாரமாகச் சொல்லியிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. வந்தவாசியில் பஸ் மாறி, ஆரணி வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

ஆரணியின் நெசவுத் தெருக்களில் பலருக்கும் அவர் பால்வாடி டீச்சர். அவரிடம் சத்துமாவு சாப்பிட்ட பிள்ளைகளே இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். அதைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் உண்டு. நான் அவரோடு இருந்தது வெள்ளிக்கிழமை ரேடியோவில். உங்களில் சிலர் அதைக் கேட்டிருப்பீர்கள், சிலர் அதில் பேசியும் இருப்பீர்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதி. பஸ் ஸ்டாண்டு அருகில் என் அண்ணன் வைத்திருந்த கேசட் ரெக்கார்டிங் கடையை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அக்கா வந்து டேப் ரெக்கார்டரை இரவல் கேட்டார். பெண்கள் சங்கத்தில் தெருப் பெண்களைப் பேச வைத்துப் பதிவு செய்யப் போகிறார்களாம். இரவல் எல்லாம் தர முடியாது என்றேன். "அப்ப நீயும் கூட வா" என்றார். அவ்வளவுதான், போனேன். வேலூரிலும் சென்னையிலும் பெண்கள் இயக்கக் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்த காலம் அது. மேடையில் அடிக்கடி 'பெண்களின் குரல்' என்பார்கள். அக்காவுக்கு அந்தப் பேச்சில் திருப்தியே வராது. "எந்தப் பொம்பளயோட கொரலு? மொதல்ல அத இட்டுகினு வாங்க, கேப்போம்" என்பார்.

காற்றில் ஒலிபரப்ப எங்களைப் போன்றவர்களுக்கு அப்போது அனுமதி கிடையாது. திருவிழாவுக்குப் பாட்டுப் போடுகிறவரிடம் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வாங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருமுனைக் குழாயடியில் கட்டி, பதிவு செய்த கேசட்டைப் போடுவோம். அது ரேடியோ இல்லைதான். ஆனாலும் தெருவே அதை ரேடியோ என்றது. நாங்களும் மறுக்கவில்லை.

முதலில் எல்லாம் என் யோசனைப்படி நடந்தது. தறிச் சத்தத்தில் எதுவும் பதியாது, அமாவாசையன்று போவோம் என்றேன். அமாவாசைக்குத் தறி ஓடாது, தெருவே அமைதியாக இருக்கும். போனோம். தறி ஓடாத வீட்டில் கணவர் பாயில் படுத்திருந்தார், மாமியார் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். நடுவில் அந்தப் பெண் மைக்கைப் பார்த்து, "நல்லா இருக்கறோங்க, ஒரு கொறையும் இல்லிங்க" என்றாள். அடுத்த வீட்டிலும் ஒரு குறையும் இல்லை. அந்தத் தெரு முழுக்கவே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா என்னைத் திட்டினார். "உன் கேசட்டு சுத்தமாத்தான் கீது. உள்ள ஒண்ணும் இல்ல."

பிறகு வேலை நாளில் போனோம். உள்தறியில் கணவர், வெளித்தறியில் மனைவி. இரண்டு தறியும் ஓடும்போது பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் குரல் கேட்கும். கால் மிதித்துக்கொண்டிருக்க, கை கயிற்றை இழுத்துக்கொண்டிருக்க, பாவு நூலின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் அந்தப் பெண்கள் பேசினார்கள். அமாவாசையன்று குறையே இல்லாதிருந்த அதே பெண்கள்தான். கேசட்டில் ஒரு சொல் கேட்டால் ஒரு சொல் தறிக்குள் போய்விடும் என்று நான் முனகுவேன். "தறி நின்னா இவளுங்க வாயும் நின்னுடும். ஓடட்டும், உடு" என்பார் அக்கா.

இதில் இன்னொன்றும் இருந்தது. அக்கா ஊருக்கு வெளியே காலனியில் பிறந்தவர். நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணான என்னை உள்ளே வா என்பார்கள், சில வீடுகளில் அவருக்கு வாசலோடு சரி. "மைக்கு ஒயரு எட்டலிங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் நேராக உள்ளே போய்த் தறியருகே உட்கார்ந்துவிடுவார். அந்த ஒயர் எட்டுவதற்கென்ன, தெரு வரைக்கும் வரும். பாதியைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்திருப்பார். அப்போது சிரிப்பை அடக்க முடியாமல் நான் வெளியே ஓடி வந்ததுண்டு. இப்போது நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

பத்மாவைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. இதை எழுத பத்மா ஒப்புக்கொண்டாள். அவள் மகள் ரேவதி நல்ல மார்க்கோடு பத்தாவது தேறியிருந்தாள். மேலே படிக்க வேண்டாம் என்று அப்பா தறியில் உட்கார வைத்துவிட்டார். பத்மா மைக்கில் சொன்னது கொஞ்சம்தான். "எம் பொண்ணு படிக்கணும்னு எனக்கு ஆச. தறில ஒக்கார வெச்சிட்டாங்க. பெத்தவ நானு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல." பெயரையும் தெருவையும் சொல்லக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். அதன்படியே, ஒரு சகோதரி பேசுகிறார் என்று சொல்லி வெள்ளிக்கிழமை போட்டோம்.

குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தவர்களில் பத்மாவின் மாமியார் சாரதம்மாவும் ஒருவர். பத்மாவின் தறியில் ஏதோ கட்டை தளர்ந்து, அடிக்கடி கீச்சென்று ஒரு சத்தம் வரும். மருமகள் வருவதற்கு முன்னால் அந்தத் தறியில் நெய்துகொண்டிருந்தவரே சாரதம்மாதான். கேசட்டில் இரண்டு தரம் கீச்சென்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் மகனிடம், "நம்ம ஊட்டு தறி தெருவுல பேசுதுடா" என்றாராம். மறுநாள் காலையில் பத்மாவைக் கலசப்பாக்கத்தில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார் கணவர். திரும்பி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரேவதியின் தலையில் தறியோடு அடுப்பும் சேர்ந்தது.

சங்கத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். போலீசுக்குப் போகலாம் என்றார் ஒருவர். அது பத்மாவின் குரலே இல்லை என்று சாதித்துவிடலாம் என்றார் இன்னொருவர். அக்கா அன்றைக்கு யாரோடும் சண்டை போடவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. "தப்பு நம்முளுது. பேர மறச்சோம், தறிய மறைக்கல" என்றார். அந்த வெள்ளிக்கிழமை ஸ்பீக்கர் கட்டவில்லை.

நாங்கள் இருவரும் கலசப்பாக்கம் போனோம். அக்கா பத்மாவுக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, யோசனையும் சொல்லவில்லை. "உன்னால இல்ல, எங்களாலதான் இப்பிடி ஆச்சு. இப்ப நாங்க இன்னா செய்யணும், நீ சொல்லு" என்று மட்டும் கேட்டார். "நான் சொன்னத இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர்" என்றாள் பத்மா. "அது நெசம். எம் பொண்ணு படிக்கணும், நானும் எங்க ஊட்டுக்குப் போவணும். ரெண்டும் வேணும் எனக்கு."

அக்கா பத்மாவின் கணவரிடம் போகவில்லை. சாரதம்மாவிடம் போனார். டேப் ரெக்கார்டர் வேண்டாம் என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பால்வாடி முடிந்ததும் போய், ரேவதியோடு மாறி மாறிப் பத்மாவின் தறியில் நெய்துகொண்டிருந்த சாரதம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டு நூலைத் தார்க்கட்டையில் சுற்றிக் கொடுப்பார், அதுவும் தறியில் ஓடும் நாடாவில் நிற்காதபடி மோசமாக. "டீச்சரம்மா, பட்ட பாழாக்காதீங்க" என்று அந்த அம்மாள் பிடுங்கிக்கொள்வார். மறுநாளும் அக்கா போவார். முதலில் போ என்றார்கள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பிறகு அக்கா வருவதற்குப் பழகிவிட்டார்கள்.

நானும் கூடப் போயிருந்த ஒருநாள் அது நடந்தது. ரேவதி அடுப்படியில் இருந்தாள், உள்ளே மகனின் தறி ஓடிக்கொண்டிருந்தது. சாரதம்மா தன் தறியை நிறுத்தினார். எழுந்து போய் மகனின் தறிக் கயிற்றைப் பிடித்து அதையும் நிறுத்தினார். எங்களைப் பார்க்கவில்லை, மகனைத்தான் பார்த்தார். "என்னய அஞ்சாங்கிளாசுல நிறுத்தினாங்க. நல்லாத்தான் படிச்சினு இருந்தேன். தறில ஒக்காருன்னாங்க, ஒக்காந்தேன். எங்கிட்டயும்தான் யாரும் கேக்கல" என்றார். சத்தமில்லாத அந்த வீட்டில் அவர் சொன்னது முழுக்கக் கேட்டது. "போயி அவள இட்டுகினு வா" என்று சொல்லிவிட்டு மறுபடி தறியில் உட்கார்ந்தார்.

பத்மா வந்தாள். ரேவதி அடுத்த ஜூனில்தான் பதினொன்றாவதில் சேர முடிந்தது. ஒரு வருஷம் போனது போனதுதான். பத்மாவின் கணவர் கடைசி வரை எங்களோடு பேசவில்லை, அதற்காக நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். சாரதம்மா தறியை நிறுத்திப் பேசிய அன்றே, வாசலில் செருப்பு மாட்டும்போது அக்கா அவரிடம், "இன்னொரு நாளு இத ரேடியோவுல பேசறீங்களா?" என்று கேட்டார். "வேணாம்" என்றார் அவர். அக்கா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சாரதம்மா இன்று இல்லை. இதை எழுதலாமா என்று ரேவதியைக் கேட்டேன். எழுதுங்கள், ஆயாவுக்குக் கோபம் வராது என்றாள்.

அதன் பின் எங்கள் வேலை மாறியது. பதிவு செய்ததும் அந்தப் பெண்ணின் காதில் ஹெட்போனை மாட்டி அவள் பேசியதை அவளுக்கே போட்டுக் காட்டுவோம். "இது தெருவுக்குப் போவலாமா?" என்று அக்கா கேட்பார். சிலர் போகட்டும் என்பார்கள். பலர் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்றவர்களின் விரலையே பொத்தானில் வைத்து அழிக்கச் சொல்வார். எனக்கு வயிறு எரியும். எத்தனையோ பேச்சுகள், எங்கும் கேட்டிராதவை, என் கண் முன்னால் அழிந்தன. "அழிக்கறதுக்கா இந்த வெயில்ல சுத்தறோம்?" என்று கத்தினேன் ஒருநாள். "அவ சொன்னது அவளுது லதா. கேட்டது நம்ம பாக்கியம்" என்றார். அப்போது எனக்கு அது சமாதானமாக இல்லை.

பின்னால் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நிஜமாகவே சமுதாய வானொலி வந்தது. எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். சுவரெல்லாம் பஞ்சு வைத்த அறை, ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. "இதுல எவ வாயத் தொறப்பா?" என்று என் காதில் சொன்னார் அக்கா. ஆனால் அங்கே மாணவிகள் உட்கார்ந்து, தங்கள் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, மனதில் இருப்பதை மடமடவென்று பேசினார்கள். அக்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். கிளம்பச் சொன்னபோதும் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது, "நான் நெனச்சது தப்பு. இவங்களுக்குத் தறி சத்தம் வேணாம். நல்லதுதான்" என்றார். தான் தோற்றதில் அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்று எனக்கு இருக்கும் தைரியம் அவரோடு கூட இருந்ததால் வந்தது. கேசட் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டே காலம் தள்ளியிருக்க வேண்டியவள் நான். 'அப்ப நீயும் கூட வா' என்ற ஒரு வார்த்தைக்கு எப்படி நன்றி சொல்வது என்று அவர் இருக்கும்போது தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். பத்மாவும் ரேவதியும் என் பக்கத்தில் இருந்தார்கள். நெசவுத் தெருவிலிருந்து வந்த ஒரு பெண் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். தான் பேசியதை ஒருநாள் தன் விரலாலேயே அழித்தவள்.

"டீச்சருக்குத் தெரிஞ்சது உங்களுக்கும் தெரியுமில்ல?" என்றாள்.

"தெரியும்."

"ஞாபகம் கீதா?"

"கீது."

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்கப்போகிறாள் என நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "செரி. ஒருத்தருக்காச்சும் தெரிஞ்சிருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தெருவுக்குப் போன கேசட்டுகள் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன, வேண்டியவர்கள் போய்க் கேட்கலாம். அழித்தவற்றை இத்தனை நாளும் நாங்கள் இருவர் வைத்திருந்தோம். இனி நான் ஒருத்திதான். அவற்றை யாரிடமும் சொல்ல மாட்டேன், ஒன்றையும் மறக்கவும் மாட்டேன்.