ஐந்தாம் நடைமேடைக்கு நான்கு நிமிடம்

போக்குவரத்து ஆய்வாளரின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கியது. மாடி நடைமேடையின் கோடியில் என்னை நிறுத்திவிட்டு, "எப்பவும் போல நடம்மா. ஓட வேண்டாம்" என்றார். நான் நடந்தேன். படி இறங்கி, நடைமேம்பாலத்தைக் கடந்து, மறுபடி இறங்கி, ஐந்தாம் நடைமேடையில் சேலம் வண்டி நிற்கும் இடத்தில் கையை உயர்த்தினேன். மேலே கம்பியோரம் நின்றிருந்தவர் கடிகாரத்தை நிறுத்திக் குறிப்பேட்டில் எழுதினார். நான்கு நிமிடம். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் கொல்லிமலை, திருப்புலி நாட்டுக்காரி. எங்கள் ஊரில் மேல் வளைவில் பஸ் ஹாரன் கேட்ட பிறகுதான் வீட்டை விட்டே கிளம்புவோம். மிளகுத் தோட்டத்துக்குள் குறுக்கே இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் போய் ரோட்டில் நிற்போம்.

அப்போது நான் மாநகரின் அந்த ரயில் நிலையத்தில் விசாரணைக் கவுன்டரில் வேலை பார்த்தேன். தான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அங்கே இருந்தவை இரண்டு நடைமேடைகளும் ஓடு வேய்ந்த ஒரு டிக்கெட் அறையும் மட்டும்தான் என்று ஆய்வாளர் சொல்வார். பிறகு தண்டவாளங்கள் பெருகின. தூண்கள் எழுந்து தலைக்கு மேலே ஒரு ரயில் பாதை வந்தது. மெட்ரோவுக்காகப் பூமிக்கடியிலும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் வந்தபோது அதற்கென ஒரு படிக்கட்டு முளைத்தது. எதுவும் இன்னொன்றுக்கு நேராக அமையவில்லை. மேலே வரும் ரயிலில் இறங்குகிறவர்கள் கீழே சேலம் வண்டியைப் பிடிக்க வசதியாக நேரத்தை அமைக்க வேண்டும் என்று பயணிகள் கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் அந்த அளவெடுப்பு. என் நான்கு நிமிடத்தோடு இரண்டைச் சேர்த்து, ஆறு நிமிட இடைவெளியோடு புதிய கால அட்டவணை வந்தது.

முதல் வாரத்திலேயே என் கவுன்டருக்கு மூச்சிரைக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். "போயிடுச்சாங்க?" என்று கேட்பார்கள். அடுத்த வண்டி பிற்பகலில்தான் என்பேன். ஒரு கர்ப்பிணி கவுன்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அந்த நேரத்தை அளந்தது என்னுடைய கால்கள்தான் என்று யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. கூட்டம், அவரவர் தாமதம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் அப்பா என் வீட்டுக்கு வந்திருந்தார். அங்கிருந்து நிலையத்துக்கு அந்த மாடி ரயிலில்தான் வர வேண்டும். ஒரு நாள் காலை ஊரிலிருந்து போன். அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, மூச்சுத் திணறுகிறது, உடனே வரச் சொன்னார்கள். நான் ஏற்கெனவே வேலைக்கு வந்துவிட்டேன். போனில் அப்பா, "இப்பவே கெளம்பி முந்தின ரயிலுக்கே வாரேன் கண்ணு" என்றார். "வேண்டாம்ப்பா, சாப்பிட்டுட்டு அடுத்ததுல வாங்க. எறங்கினா ஆறு நிமிஷம் இருக்கு. தாராளமா வந்தரலாம்" என்றேன். அன்று சேலம் வண்டியை விட்டால், அடிவாரத்தில் மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸும் போய்விடும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஐந்தாம் நடைமேடையில் அவருக்காக நின்றேன். மேலே ரயில் வந்து நின்ற ஓசை கேட்டது. கொஞ்ச நேரத்தில் நடைமேம்பாலத்தில் அவருடைய வெள்ளைத் துண்டு தெரிந்தது. பலா மரத்தில் விறுவிறுவென்று ஏறுகிற மனிதர். ஆனால் எதிரே ஆபீஸ் கூட்டம் படியை அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்க அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டு நின்றார். நான் கையை அசைத்துக் கத்தினேன். வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டி போன பிறகு என்னிடம் வந்து, "போகட்டும் சாமி. அத நிறுத்த முடியுமா" என்றார். பிற்பகல் வண்டியில் போய், அடிவாரத்தில் தங்கி, மறுநாள் முதல் பஸ்ஸில் மலையேறினார். அத்தை முந்தின நாள் பொழுது சாயும்போதே போய்விட்டிருந்தார்.

காரியம் முடிந்து திரும்பியதும் ஆய்வாளரிடம் போனேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போனேன்; முடியவில்லை. "என்னை நடக்கவிட்டு எடுத்தது தப்பு சார். அதுவும் கூட்டமே இல்லாத பதினோரு மணிக்கு" என்றேன். ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தவர். அட்டவணை அச்சாகி ஒட்டியும் ஆகிவிட்டது. வெளியே போகச் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் தன் வலது முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நானே நடந்திருக்கணும்மா. மூட்டு வலி. வெளியே தெரிஞ்சா உட்கார்த்தி வெச்சிருவாங்கன்னு உன்னை அனுப்பினேன்" என்றார்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு, ஒரு கையில் பையோடு மாடி நடைமேடையில் நின்றார். என்னைக் கூப்பிடவில்லை. நான்தான் கவுன்டரில் வேறொருவரை உட்காரச் சொல்லிவிட்டுக் கீழே போய் நின்றேன். கூட்டம் அவரை முன்னும் பின்னும் தள்ளியது. நடைமேம்பாலத்தில் இரண்டு முறை கம்பியைப் பிடித்து நின்றார். ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தார். ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வாங்கினால் அளவு கெட்டுவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் அருகில் வந்து கடிகாரத்தை நிறுத்தினார். சட்டை நனைந்திருந்தது. "பதினோரு நிமிஷம். இதுதாம்மா நிஜம்" என்றார்.

அறிக்கையில் எதையும் மறைக்கவில்லை. முழங்கால் வலியை எழுதினார். அதனால் வேறொருவரை நடக்கவிட்டதையும் எழுதினார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கடைசி மாதங்களை மூலையில் ஒரு மேசையில் கழித்துவிட்டுப் போனார். அடுத்த அட்டவணையில் இடைவெளி பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அது அச்சாகி வந்தபோது அவர் அங்கே இல்லை. ஒரு பிரதியை அவர் வீட்டுக்குத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை.

அந்த ஆறு நிமிடம் என் நடையை அளந்து வந்தது என்ற உண்மையை அப்பாவிடம் மட்டும் சொல்லாமலே வருடங்கள் போயின. இந்தத் தை மாதம், விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது, மிளகு பறிக்கிற இடத்தில் நின்று சொல்லிவிட்டேன். மூங்கில் ஏணியில் நின்றவர் பறிப்பதை நிறுத்தவில்லை. அந்தக் கொடியைப் பறித்து முடித்துவிட்டு, "அக்கா கேட்டுக்கிட்டே இருந்துச்சாம், தம்பி வந்துட்டானான்னு" என்றார். கோபமில்லை.

விடுப்பு முடிந்து போனதும் ஒரு நாள் பயணியாகவே அந்தப் பழைய நிலையத்தில் இறங்கினேன். இப்போது வேலை வேறொரு நிலையத்தில். நகரும் படிகள் வந்துவிட்டன. மெட்ரோவுக்குச் சுரங்கவழி இருக்கிறது. அறிவிப்பை எந்திரக் குரல் சொல்கிறது. ஐந்தாம் நடைமேடைக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் இன்னும் மிச்சம் இருந்தது. என்னோடு மேலே இறங்கிய ஒரு பெண், இரண்டு குழந்தைகளையும் பெஞ்சில் உட்காரவைத்து, டிபன் பாக்ஸைத் திறந்து, சின்னவளுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டினாள். அவசரப்படாமல் மென்று விழுங்கும்வரை காத்திருந்தாள். வாயைத் துடைத்துவிட்டாள். பிறகுதான் வண்டி வந்தது.

"உட்காருங்கக்கா, எடம் இருக்கு" என்று அவள் என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தாள். அன்று அப்பாவுக்காக நின்ற இடத்தில் நான் கடைசிவரை நின்றுகொண்டேதான் இருந்தேன்.