சபேட்டோ வெள்ளத்தில் வந்த பதில்

நான் நம் ஃபிஜியின் சபேட்டோப் பள்ளத்தாக்கிலிருந்து வரும் எஸ்தர். என் வியாதியின் பெயரைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. இன்று இந்தச் சபைப் பெண்கள் கூட்டத்தில் உங்கள் எல்லாருக்கும் முன்பாகச் சொல்கிறேன். எனக்குப் புற்றுநோய் வந்தது. இடது மார்பில் வந்தது. தமிழ் விளங்காத பெண்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஹிந்தியில் சொல்லுங்கள். அவர்களும் இதைக் கேட்கவேண்டும்.

ஒரு ஜூலை மாதம் குளிக்கும்போது அங்கே ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. பட்டாணி அளவுதான். வலி இல்லை. அப்போது கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. வெட்டும் ஆட்களுக்குச் சமைத்துப் போடுகிறவள் நான். வெட்டு முடியட்டும் என்று விட்டுவிட்டேன். நவம்பரில் லௌடோகா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டியபோது அது கொட்டைப்பாக்கு அளவு ஆகியிருந்தது.

மார்பை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அவர் சொன்னது எனக்கு விளங்கிற்று. ஆனால் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அந்த அறையில் நானும் என் வீட்டுக்காரர் சாமுவேலும்தான் இருந்தோம். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அது என்னைப் பற்றி என்று விளங்கிற்று.

அந்த மாதமே அறுவை முடிந்தது. அதன்பின் தலைநகர் சுவாவில் ஊசி மருந்து. ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் போய், அங்கே சமபுலாவில் என் நாத்தனார் ரூத் வீட்டில் தங்குவேன். ரூத் நல்ல ஜெபக்காரி. ஆனால் அவள் வீட்டில் எனக்கென்று ஒரு தட்டும் ஒரு டம்ளரும் தனியாக இருந்தன. அவற்றைத் தனியாகக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைப்பாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தபோதுகூட நான் அழவில்லை. அந்த டம்ளரைப் பார்த்துத்தான் அழுதேன்.

"மருந்து முடிந்தது, இனி வீட்டுக்குப் போய்ப் பழையபடி இருங்கள்" என்றார்கள். பழையபடி எப்படி இருப்பது? ரவிக்கைக்குள் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தேன். சபைக்கு வரவில்லை. இடது கையை மெல்ல மெல்லத் தூக்கிப் பழகவேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் மடக்கியே வைத்திருந்தேன். அது அப்படியே இறுகிப்போயிற்று. சோறு வேண்டாம். டீயும் பிஸ்கட்டும் போதும். இந்த வியாதி வந்த யாரும் பிழைத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்புறம் எதற்குக் கையைப் பழக்குவது, எதற்குச் சாப்பிடுவது?

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை காலையில் பாயில் படுத்தபடி ஜெபித்தேன். ஜெபம் என்று சொல்லக்கூடாது, சண்டை போட்டேன். "ஆண்டவரே, இது வந்து பிழைத்தவள் இந்தத் தீவில் ஒருத்தியாவது இருந்தால் என் கண்ணுக்குக் காட்டும். ஒருத்தி போதும். இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்ளும்" என்றேன். ஆமென்கூடச் சொல்லவில்லை.

மூன்று நாள் விடாமல் மழை. சனிக்கிழமை மத்தியானம் ஆறு பெருகிப் பாலத்தின்மேல் தண்ணீர் ஓடிற்று. நாடி ஊரிலிருந்து வந்த பஸ் எங்கள் வீட்டுப் பாதை முனையில் நின்றுவிட்டது. அதிலிருந்து இறங்கிய ஒரு அம்மாள், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கையில் கூடையோடு, ஒதுங்க இடம் தேடி எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தாள்.

பார்த்தால் மேரே! பள்ளத்தாக்கின் மேலே இருக்கும் ஃபிஜியர் கிராமத்துக்காரி. நாடி மார்க்கெட்டில் சேப்பங்கிழங்கு விற்பவள். எத்தனையோ வருஷமாக அவளிடம்தான் வாங்குவேன், பேரம் பேசுவேன், சிரிப்பேன். என் வியாதி அவளுக்குத் தெரியாது. அவள் நம் ஹிந்தியை நம்மைப்போலவே பேசுவாள். என்னைச் சகோதரி முறையில் பஹினி என்பாள். அவள் பேச்சைத் தமிழில் சொல்கிறேன்.

"பஹினி, எத்தனை மாசமா மார்க்கெட்டுப் பக்கமே காணோம்? இன்னா ஆச்சு?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சொல்லிவிட்டேன். "இசா" என்று மட்டும் சொன்னாள். அது அவர்கள் இரக்கத்தோடு சொல்லும் வார்த்தை. பிறகு எழுந்தாள். கதவைச் சாத்தினாள். நனைந்த சட்டையை அப்படியே மேலே தூக்கினாள்.

சகோதரிகளே, நான் அலறிவிட்டேன். அவளுக்கும் ஒரு பக்கம் இல்லை. தட்டையாக, பழைய தழும்பு, அக்குள்வரை ஓடியிருந்தது.

"பன்னெண்டு வருஷம் ஆச்சு. உனக்குத் தராசுல போட்டுக் குடுத்த கிழங்கெல்லாம் இந்த உடம்பு தோண்டுனதுதான்."

ஒருத்தியைக் காட்டும் என்று கேட்டேன். எந்த மனுஷரும் அவளை அனுப்பவில்லை. வெள்ளம் கொண்டுவந்து என் அறைக்குள் நிறுத்திற்று. இன்றைக்கும் அதை நினைத்தால் கையில் மயிர் சிலிர்க்கிறது.

பாலத்தில் தண்ணீர் வடியும்வரை மேரே இருந்தாள். என்னைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். விரல்களைச் சுவரில் வைத்து, சிலந்திபோல மேலே நடக்கவிடச் சொன்னாள். என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே போனதும் உயிர் போகிற வலி. அந்த இடத்தில் அடுப்புக்கரியால் கோடு போட்டாள். "நாளைக்கு ஒரு விரக்கடை மேல. அவ்வளவுதான்" என்றாள்.

கூடையிலிருந்து சேப்பங்கீரையை எடுத்துத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தாள். "இந்தக் கீரை வியாதியைக் கொல்லும்னு யாராச்சும் சொன்னா நம்பாத. அது டாக்டர் வேலை. இது உன்னை நிக்க வெக்கும்" என்றாள். இன்னும் சொன்னாள். அந்தக் கையில் பாரம் தூக்காதே. தோட்டத்தில் கையுறை போடு. அந்தக் கையில் ஊசி போட விடாதே. கை சிவந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

அன்று நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு கிண்ணம் சோறு முழுதாகச் சாப்பிட்டேன். ஏர்போர்ட் வேலை முடிந்து வந்த சாமுவேல் வெறும் கிண்ணத்தைப் பார்த்தார். கரிக்கோட்டைப் பார்த்தார். மறுநாள் காலையில் செருப்பை எடுத்து வைத்து, "வா, ரயில்பாதை ஓரமா கொஞ்சம் நடக்கலாம்" என்றார். கரும்பு வண்டி ஓடும் அந்தப் பாதையில் முதல் நாள் இருபது அடி நடந்தேன். ஜூனில் பள்ளிக்கூடம்வரை போய்த் திரும்பினேன். துணி உலர்த்தும் கம்பியைக் கை தொட்டது. தினமும் சாயங்காலம் அவர் மயக்கம் தரும் யங்கோனா வேர்ச்சாறு குடிக்கப் போவதும் நின்றது.

டிசம்பரில் ரூத் பண்டிகைக்கு வந்தாள். அப்போது எலுமிச்சை முள் ஒன்று இடது கையில் கீறிவிட்டது. மறுநாள் கை சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப நான் புடவை மாற்றினேன். ரூத் வழியை மறித்தாள்.

"அண்ணி, இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி? கர்த்தர் சொஸ்தமாக்கினார்னு சாட்சி சொல்றீங்க. விசுவாசம் இருந்தா முட்டி போடுங்க, போதும்."

எனக்குக் குழப்பமாகிவிட்டது. சாமுவேல் அதிகம் பேசாத மனிதர். அன்று சொன்னார்: "ரூத்து, வெள்ளத்துல மேரேயை அனுப்புன கர்த்தர்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார். தள்ளு."

ஐந்து நாள் வைத்திருந்து மருந்து ஏற்றினார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும் என்றார்கள்.

வீடு திரும்பிய அன்று, சமையலறையில் ரூத் எனக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி கீழே விழுந்தது. என் வலது கையைப் பிடித்துத் தன் மார்பின்மேல் வைத்து அழுத்தினாள். விரலுக்கடியில் கட்டி.

"ஒரு வருஷமா இருக்குது அண்ணி. உங்களைப் பாக்கறப்பெல்லாம் எனக்கு வரப்போறதைப் பாக்கற மாதிரி இருந்துச்சு. அதான் தட்டைக்கூடத் தொடமுடியல. என்னை மன்னிச்சிடுங்க."

அவளை என்னவெல்லாம் நினைத்திருந்தேன்! அருவருப்பு என்று நினைத்தேன். அது பயம். என்னை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் மறித்ததும் அதே பயம்தான். அவள் ஒரு வருஷமாக முழங்காலில் நின்றது டாக்டர் எனக்குச் சொன்ன வார்த்தையைத் தானும் கேட்காமல் இருப்பதற்காக.

செவ்வாய்க்கிழமை அவளை அழைத்துப்போனோம். அவளுக்கும் அதே வியாதிதான். ஆனால் அக்குளுக்குப் பரவவில்லை. வெட்டி எடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள். அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். இதோ முன்வரிசையில் நீலப்புடவையில் உட்கார்ந்திருக்கிறாள். ஸ்தோத்திரம்.

எனக்கு மறுபடி வராது என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுகிறேன். போவதற்கு முந்தின நாள் தூக்கம் வராது, சொல்லாமல் என்ன? ஆனாலும் போகிறேன். நடக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், களைத்தால் படுக்கிறேன். இதெல்லாம் விசுவாசக் குறைவு என்று முன்பு நினைத்தேன். கர்த்தர் திருப்பிக் கொடுத்த உடம்பைப் பட்டினி போடுவதற்கு எனக்கு உரிமை இல்லை.

இங்கே யாராவது எதையாவது மறைத்து வைத்திருக்கலாம். உங்களை எழுந்து நிற்கச் சொல்லமாட்டேன், பேசச் சொல்லமாட்டேன். கூட்டம் முடிந்ததும் நான் பக்கவாசலில் நிற்பேன். கைகுலுக்குகிற மாதிரி வந்து என் கையைப் பிடியுங்கள், போதும். நாளைக் காலை லௌடோகா ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏழு மணிக்கு. உங்களுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்து வருவேன்.