கமர்கட்டும் ஓர் இடது கண்ணும்

காலை பத்தரை மணி, பதினேழு படம், பெயர் மாலதி. விசாவுக்குப் படம் எடுக்கிற தொழிலில் முகத்தை யாரும் முழுசாகப் பார்ப்பதில்லை. கண், காது, நெற்றி என்று தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள். ஸ்டுடியோ வைத்திருக்கும் சக பாவிகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

பதினேழும் வீண்

மாலதிக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. ஆறு மாதப் பயிற்சிக்கு ஜெர்மனி போக வேண்டும். படம் கொடுக்க மறுநாள்தான் கடைசி. நன்றாக முழிக்கச் சொன்னேன். வலது கண் கோலிக்குண்டு போல வந்தது. இடது இமை பாதியிலேயே நின்றது.

முதலில் கொடுத்த படம் கண் மூடியிருக்கிறது என்று திரும்பியதாம். அடுத்த கடைக்காரர் கம்ப்யூட்டரில் கண்ணைத் திறந்துவிட, அதுவும் திரும்பியது.

"அந்தப் படத்துல நான் எங்க பெரியம்மா புள்ள மாதிரி இருந்தனுங்க."

பேரன் பிறந்தவர்

கொஞ்சம் ஆறட்டும் என்று வெளியே உட்கார வைத்தேன். பையிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எதிர் நாற்காலியில் காங்கேயத்துப் பெரியவர் ஒருவர், தன் காளையின் படத்துக்குச் சட்டம் போட வந்தவர். மாலதி அதை மென்றபோதெல்லாம் இடது இமை படக் படக்கென்று ஏறி இறங்கியது.

பெரியவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது. மீசையைத் தடவினார். காளையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்:

"ஏனுங்க அம்மணி, எனக்குப் பேரன் பொறந்தாச்சுங்க."

முதல் கண்ணடிப்பு

மாலதி சிரித்து முடிக்க வெகுநேரமானது. தாடைக்குப் போக வேண்டிய நரம்பில் ஒரு கிளை வழி தவறி இமைக்குப் போய்விட்டதாம். பிறவியிலேயே அப்படி; அபூர்வம் என்று டாக்டர் சொன்னாராம். தாடை வலப்பக்கம் நகர்ந்தால் இடது இமை மேலே போகும். கண்ணடித்தது தனக்கில்லை என்று தெரிந்ததும் பெரியவர் முகம் லேசாக வாடியது.

"பொறந்தன்னிக்கே பால் குடிக்கக் குடிக்க எங்கம்மாவப் பாத்துக் கண்ணடிச்சனாமுங்க."

இருபத்தோராவது

விசாப் படத்தில் வாய் மூடியிருக்க வேண்டும், கன்னம் உப்பக் கூடாது. கமர்கட்டைக் கடித்துச் சின்னதாக்கி, வலது கடவாயில் ஒதுக்கி, உதட்டைத் திறக்காமல் மெல்லும்படி சொன்னேன். இமை ஏறும்போது நான் அமுக்கினால், அதற்குள் இறங்கிவிட்டது. மூன்று தடவை தப்பியது.

பெரியவர் காளையை நாற்காலியில் சாய்த்துவிட்டு எழுந்து வந்தார். காலமெல்லாம் மாடு அசைபோடுவதைப் பார்த்தவர். என் பக்கத்தில் நின்று தாடையையே பார்த்தார். அமுக்கச் சொல்லி எனக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, மாலதியிடம் சொன்னார்:

"அப்படியே நிறுத்து கண்ணு, கண்ணு தொறந்திருச்சு."

அந்தப் படம் தேறி, விசா வந்து, ஐப்பசி இரண்டாம் தேதி மாலதி விமானம் ஏறினார். ஜன்னலோர இருக்கையிலிருந்து அனுப்பிய படத்தில் இரண்டு கண்ணும் திறந்திருந்தன, வலது கன்னம் லேசாக உப்பியிருந்தது.