கியாக்தானில் நான் உடைத்த தேங்காய்

என் மனைவிக்கு வலது கை மரத்துப்போய் ஏழு மாதமாகியிருந்தது. பக்கவாதம் லேசாக வந்து போனதுதான். நடை, பேச்சு எல்லாம் திரும்பிவிட்டது, கையில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. கொதிக்கிற கெண்டியைத் தொட்டுக் கொப்புளம் கண்டதைக்கூட நான்தான் பார்த்துச் சொன்னேன். தினமும் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையில் சாவியோ சீப்போ வைத்து, "தெரியுதா?" என்பேன். "தெரியுது" என்பாள். என்னவென்று கேட்டால் தப்பாகச் சொல்வாள். என் மனம் நோகக்கூடாதென்று சொல்கிற பொய் அது. தெரிந்தும் கேட்டுக்கொண்டே இருந்தேன். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறாளே என்றுதான் மீன்பிடிக்கக் கூட்டிப்போனேன். முதல் பஸ்ஸில் யாங்கோனைவிட்டு, தன்லியின் பாலம் தாண்டி, கியாக்தானில் இறங்கினோம். அங்கே ஒரு பர்மியப் படகுக்காரர், ஆட்களைக் கழிமுகத்துக்கு அழைத்துப்போய்த் தூண்டில் போடக் கற்றுத் தருவார். சிவப்புச் செப்பிலி மீன் வேண்டுமென்றால் கடல்நீர் ஏறும் ஏற்றத்தோடு கிளம்ப வேண்டும், தாமதிக்காதீர்கள் என்று போனில் சொல்லியிருந்தார்.

நாங்கள் போனபோது படகின் முன்பக்கம் வைக்க வாழைச்சீப்பும் ஒரு தேங்காயும் எடுத்துவைத்திருந்தார். நாமும் ஒரு கை கொடுப்போம் என்று நான் தேங்காயை எடுத்தேன். பிள்ளையாரை நினைத்து மூன்று சுற்றுச் சுற்றி, படித்துறைக் கல்லில் ஒரே போடு. சில்லு சில்லாகச் சிதறியது.

படகுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "ஊலே, என்ன காரியம் செய்தீர்கள்!" என்றார். என் வயதுக்காரர்களைப் பர்மியர் அப்படித்தான் மாமா முறை வைத்துக் கூப்பிடுவார்கள். தண்ணீரைக் காக்கும், ‘நாட்’ என்று அவர்கள் கும்பிடுகிற தெய்வத்துக்குத் தேங்காய் முழுசாக, காம்பு ஒடியாமல் இருக்க வேண்டும். அவர்கள் வீடுகளில் முழுத்தேங்காய் தொங்குவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். புத்தியில் ஏறினால்தானே.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் என் மனைவி.

கடைகளில் காம்புள்ள காய் கிடைக்கவில்லை. யாரோ வீட்டு மரத்தில் ஏறிப் பறித்துவந்து, வைத்து வணங்கி அவர் படகை எடுப்பதற்குள் நீர் வடியத் தொடங்கிவிட்டது. செப்பிலிக்கு இனி வழியில்லை. அந்த மனிதர் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. "பரவாயில்லை ஊலே, நாக்கு மீன் பார்ப்போம்" என்று சேற்றுத் திட்டின் ஓரமாக நங்கூரம் போட்டார். சேற்றோடு ஒட்டிக் கிடக்கிற சப்பை மீன் அது. வெடுக்கென்று இழுக்காது, நூல் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான் என்றார்.

இரை கோத்து, நூலை அவள் வலது கையில் கொடுத்தார். அவருக்கு விஷயம் தெரியாது. இடது கையில் கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். காலையில்தான் மூக்குடைபட்டிருந்தேன், மறுபடி மூக்கை நுழைக்கத் துணிவு வரவில்லை. அவளும் நூலை வாங்கி அந்தக் கை விரலிலேயே சுற்றிக்கொண்டாள்.

வெயில் ஏறியது. என் நூலில் ஒன்றுமில்லை. அவள் கரை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, கனக்குது" என்றாள்.

அவள் நூலைப் பார்த்தேன். அசையக்கூட இல்லை. எனக்காகச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். படகுக்காரர் இழுக்கச் சொன்னார். இரண்டு கையாலும் இழுத்தாள். சேற்று நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நாக்கு மீன் மேலே வந்தது.

அழுதுவிட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை. படகுக்காரர், அவருடைய தெய்வம், எங்கள் பிள்ளையார், யாருக்கு எவ்வளவு நன்றி என்று பிரிக்கத் தெரியாமல் எல்லோரையும் சேர்த்துக் கும்பிட்டேன். ஒரு சின்ன மீனுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அவர் சிரித்தார்.

ஏழு மாதமாக நான் கேட்டுக் கேட்டுத்தான் அவள் "தெரியுது" என்றாள். அன்றைக்கு நான் கேட்கவே இல்லை.