படத்தின் மேல் ஏறிய குரல்

தோணிரேவு கிராமத்து எப்சிபா இருபது வருடமாகப் பழவேற்காடு ஏரியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பவள். பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நாலு மணி நேரம் கிடப்பாள். பழவேற்காடு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் போடும் மஞ்சு அவளுடைய சிநேகிதி. இறால் பிடிக்கும் பெண்களைப் பற்றி இருவரும் போனிலேயே ஒரு படம் எடுத்தார்கள். கேள்வி கேட்டது எப்சிபா. படம் பிடித்ததும் வெட்டி ஒட்டியதும் மஞ்சு. இரண்டு மழைக்காலம் போய், முப்பத்தோரு நிமிடப் படம் ஒருவழியாக முடிந்தது.

சென்னையில் ஓர் அமைப்பு அதைத் திரையிடுவதாகச் சொன்னது. படத்தில் பேசியிருந்த சாமுண்டீஸ்வரியையும் கூட்டிக்கொண்டு இருவரும் போனார்கள்.

விளக்கு அணைந்தது. திரையில் சாமுண்டீஸ்வரி, நண்டு கடித்த விரலைக் காட்டிப் பேச ஆரம்பித்தாள். கேட்டதோ கனத்த ஓர் ஆண் குரல்: “இவர்கள் வாயற்ற பெண்கள். இவர்களின் துயரம்…”

“இன்னாடி, நான் பேசுனது எங்க?” என்றாள் பக்கத்தில் இருந்த சாமுண்டீஸ்வரி.

எப்சிபா எழுந்து நின்று கத்தினாள். “நிறுத்துங்க படத்த!”

ஏற்பாடு செய்தவர் ஓடி வந்தார். “அம்மா, உங்க பேச்சு எல்லாருக்கும் புரியாது, அதனாலதான்…”

“நீ பேசுறது எனுக்குப் புரியுதுல்ல? நான் பேசுறது உனுக்கு ஏன் புரியாது? இவ வாயில்லாதவளா? கரைக்கு வந்து இவகிட்ட வெல பேசிப் பாரு!”

மஞ்சு அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “உக்காருக்கா. படம் வெளிய வந்தாப் போதும்னுதான் நானே சரின்னேன்.”

“உனுக்கு முன்னாடியே தெரியுமா?”

“போன வாரம் அனுப்பிக் காட்டுனாங்க.”

எப்சிபா சாமுண்டீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினாள். பஸ்ஸில் மஞ்சு பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், எப்சிபா எழுந்து படிக்கட்டருகே போய் நின்றாள்.

பத்து நாள் கழித்து மஞ்சு லேப்டாப்போடு வந்தாள். “நாம முடிச்ச படம் அப்படியே இருக்குக்கா. அவங்க குரல் ஏத்துனத இனிமே எங்கயும் போடக்கூடாதுன்னு அவங்களுக்கு எழுதிட்டேன்.”

“முழுசா போடு” என்றாள் எப்சிபா. முப்பத்தோரு நிமிடமும் அசையாமல் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருட்டியதும் மீன் ஏலக் கூடத்துச் சுவரில் வேட்டி கட்டி, கோயில் புரொஜெக்டரில் படத்தைப் போட்டார்கள். சாமுண்டீஸ்வரி வியாபாரியைத் திட்டுகிற இடத்தில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றே மஞ்சு அதை யூடியூபிலும் ஏற்றினாள்.

மறுநாள் அமைப்பிலிருந்து போன். தங்கள் பெயரையும் சேர்க்கலாமே என்றார்கள்.

“என்னைக் கேக்காம ஒரு எழுத்து சேத்தீங்கன்னா, நேரா அங்க வந்து நிப்பேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள் எப்சிபா.

மஞ்சுவிடம் படத்தைப் பற்றி மட்டும் பேசுகிறாள். வீட்டுக்கு வா என்று இன்னும் கூப்பிடவில்லை.