ஊட்டு பேட்டரி

எங்கள் வேனில் இரண்டு பேட்டரி என்று மைத்துனன் சொன்ன நாளிலிருந்து என் கவலையும் இரண்டாகிவிட்டது. ஒன்று தீர்ந்தால் இன்னொன்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடுமோ? அப்படிப் போய், ஏதோ ஒரு ரோட்டில் குடும்பத்தோடு நிற்பதைப் போல நான் பாதி நாள் நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். கரண்டைப் பற்றி அதற்கு மேல் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்களோ என்னவோ, நான் அதற்குள் அம்பத்தூரில் லேத்துப் பட்டறைக்குப் போய்விட்டேன்.

வேன் பழையது. என் மனைவியின் தம்பியும் நானும் சேர்ந்து வாங்கினோம். சேக்காட்டில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, ஃபேன் எல்லாம் வைத்தோம். எங்களுக்கு ஊர் சுற்றும் ஆசை வந்துவிட்டதாகத் தெருவில் நினைத்தார்கள். உண்மையில் அது மாமனாருக்காக.

தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வரும். மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டு, ராத்திரி முழுக்க ஒரு மிஷின் ஓடினால்தான் தூங்க முடியும். அவருக்கு ஒரே ஒரு அக்கா. நாகப்பட்டினம் பக்கம் கடலோரத்தில் இருக்கிறார். முழங்கால் போய்விட்டதால் வாசல் தாண்டுவதில்லை. மாமனார் கடைசியாக அங்கே தங்கிய ராத்திரி கரண்ட் போய், விடியும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாராம். அதற்குப் பிறகு போகவில்லை. போனில் பேசும்போதெல்லாம், நான் கண்ணை மூடுவதற்குள் ஒருதடவை வந்துவிடு என்று அந்த அம்மா சொல்லுவார். இவர் போனை என் மனைவியிடம் கொடுத்துவிடுவார். கரண்டை நாமே கையோடு கொண்டுபோனால் என்ன என்று மைத்துனன்தான் கேட்டான்.

அவனுக்குப் பூந்தமல்லியில் வண்டி உதிரிபாகக் கடையில் வேலை. பேட்டரி வேலை எல்லாம் அவனே செய்தான், எனக்கும் பொறுமையாகச் சொன்னான். இன்ஜின் பக்கத்தில் இருப்பது வண்டி பேட்டரி. ஸ்டார்ட் செய்ய அதுதான். கட்டிலுக்கு அடியில் இருப்பது லைட்டுக்கும் ஃபேனுக்கும் மிஷினுக்கும். வண்டிக்குள் வீடு நடத்துகிற பேட்டரி என்பதால் அதற்கு ‘ஊட்டு பேட்டரி’ என்று பெயர் வைத்தான். இன்ஜின் ஓடினால் முதலில் வண்டி பேட்டரிக்கு ஏறும். அது போதுமான அளவு ஏறியதும் ரிலே என்கிற சின்னப் பெட்டி ‘டக்’கென்று இரண்டையும் சேர்த்துவிடும். இன்ஜினை அணைத்தால் பிரித்துவிடும். இது போக, கூரைமேல் சோலார் பேனல் ஒரு வழி. வீட்டு பிளக்கிலிருந்து ஒயர் இழுத்து சார்ஜ் போடுவது இன்னொரு வழி.

நான் அதைக் குழாயடியாக மாற்றிப் புரிந்துகொண்டேன். முன்னால் நிற்கிற குடத்துக்குத் தண்ணீர் பிடித்த பிறகுதான் அடுத்த குடம். குழாய் நின்றுவிட்டால், பின்னால் இருப்பவர் முன்குடத்திலிருந்து மொண்டுகொள்ளாதபடி நடுவில் ஒரு ஆள் காவல் நிற்கிறான். அந்த ஆள்தான் ரிலே. புரிந்தது. ஆனாலும் காவல்காரன் தூங்கிவிட்டால் என்ன செய்வது என்ற கவலை மட்டும் போகவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் மைத்துனன் கடையிலிருந்து போன் செய்தான். “மாமா, மழ மூட்டமா கீது, பேனல் ஒன்னியும் குடுக்காது. நானும் ஃபேன போட்டு டெஸ்ட் பண்ணிகினே இருந்தேன். ஊட்டு பேட்டரிய மறக்காம சார்ஜ்ல போட்டுடு.”

போட்டேன். ஒழுங்காகப் போட்டேன். டிஸ்டில்டு வாட்டர்கூட வாங்கிவந்து ஊற்றினேன். படுப்பதற்கு முன்னால் போய்ப் பார்த்தேன். பச்சை லைட் எரிந்தது.

காலையில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, ஒருதடவை போட்டுப் பார்த்துவிடுகிறேன் என்று மாமனார் வேனுக்குள் படுத்து மாஸ்க்கை மாட்டினார். மிஷின் கொஞ்ச நேரம் உஸ்ஸென்று ஓடியது. பிறகு நின்றுவிட்டது. அவர் எழுந்து உட்கார்ந்தார். மாஸ்க்கைக் கழற்றிப் பையில் வைத்தார், தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி, கேட் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நீங்க போய்ட்டு வாங்க. அக்காவ நான் கேட்டன்னு சொல்லுங்க.”

மைத்துனன் என்னைப் பார்த்தான். “மாமா, நைட்டு சார்ஜ்ல போட்டியா இல்லியா?”

“போட்டேன்டா. டிஸ்டில்டு வாட்டர்கூட ஊத்துனேன்.”

“இது சீல் வெச்ச பேட்டரி. இதுல எங்க போய் ஊத்துன?”

“மாடிப்படிக்குக் கீழ கீதே, அதுலதான்.”

மாடிப்படிக்குக் கீழே இருப்பது எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி. போனில் ‘ஊட்டு’ என்றதும் வேனை மறந்து வீட்டுக்குள் போயிருக்கிறேன். முதலில் சிரித்தது என் மனைவி. சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டாள். “ஊட்டு பேட்டரின்னா ஊட்டுலதான கீது? அவரு இன்னாத்த தப்பா பண்ணிட்டாரு?” என்று தம்பியைக் கேட்டாள். அவனும் சிரித்தான். எதிர்வீட்டுக்காரர் வந்து விஷயம் கேட்டு, அவரும் சேர்ந்துகொண்டார்.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஊட்டு பேட்டரி செத்துக் கிடக்கிறது. அது வண்டி பேட்டரியையும் இழுத்துக்கொண்டு போயிருந்தால் இன்றைக்குப் பயணமே இல்லை. சாவியைத் திருப்பினேன்.

முதல் திருப்பிலேயே பிடித்தது. காவல்காரன் தூங்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். கட்டிலுக்கு அடியிலிருந்து ‘டக்’ என்று சத்தம் வந்ததும், தலைமாட்டில் இருந்த சின்ன மீட்டரில் எண் மேலே ஏறத் தொடங்கியது.

இறங்கிப் போய் மாமனார் முன்னால் நின்றேன். “மாமா, மிஷினு ராத்திரிக்குத்தான வேணும்? அதுவரைக்கும் வண்டி ஓடப்போது. ஓட ஓட ஏறிடும். பயப்படாம வாங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “மாப்ள, நீயா பயப்படாதன்னு சொல்ற?”

“நானே சொல்றேன்னா பாத்துக்கோங்க.”

எழுந்து வந்தார்.

வழி முழுக்க மீட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பதினாலு வோல்ட் என்று காட்டியதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. திண்டிவனம் தாண்டி டீக்கு நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். எண் பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது. “ஒரு டீக்கு ரெண்டு போச்சு பாரு” என்று பதறினார். அந்தப் பதினாலு குழாயின் வேகம், குடத்தில் இருக்கிற தண்ணீர் அல்ல. குழாயை மூடினால் வேகம் இறங்கத்தான் செய்யும் என்று விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் சீர்காழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது இன்ஜினை அணைக்க விடவில்லை. வண்டி உறுமிக்கொண்டே நின்றது; நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

வெயில் தாழும் நேரத்தில் ஊர் வந்தது. அக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு கேட்டைப் பிடித்து நின்றிருந்தார். நான் வேகத்தைக் குறைத்தேன். பின்னாலிருந்து மாமனார் என் தோளைத் தட்டினார்.

“நிறுத்தாத மாப்ள. இன்னொரு ரவுண்டு போய்ட்டு வா, இன்னும் கொஞ்சம் ஏறட்டும்.”

ஜன்னல் வழியாக அக்காவுக்குக் கையை ஆட்டிக்கொண்டே அவர் கடந்து போனார். அந்த அம்மா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். மாதா கோயிலைச் சுற்றிக்கொண்டு வந்தபோதும் அதே இடத்தில்தான் நின்றிருந்தார். இந்தத் தடவை கேட்டுக்குள் ஓட்டி நிறுத்திவிட்டேன்.

அன்று ராத்திரியும் அந்த ஊரில் கரண்ட் போனது. நான் பதறிப் போய் வேன் ஜன்னலில் காதை வைத்துக் கேட்டேன். உஸ்ஸென்று சீராக வந்தது.

வெயில் ஏறிய பிறகும் மாமனார் எழுந்திருக்கவில்லை. அக்கா ஒரு கையில் கைத்தடி, ஒரு கையில் காபி டம்ளரோடு வேன் கதவருகே வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஊரே விசிறிக்கிட்டு முழிச்சிக் கெடந்துச்சு. இவன் தூக்கத்தப் பாரு” என்றார். எழுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தக் காபியை அங்கேயே நின்று அவரே குடித்தார்.